பதினொன்றாவது நாற்காலி

படகுத்துறையை எங்கே நகர்த்துவது என்று முடிவெடுக்கப்
பத்து நாற்காலி போட்டிருந்தார்கள்.
வணிகர் தரப்புக்கென்று பதினொன்றாவதைச்
சமையலறையிலிருந்து நான்தான் தூக்கி வந்தேன்.
அதற்கு ஒரு கால் குட்டை.

எடுவினா கார்கமோ
இரும்புக்கடையைப் பூட்டிவிட்டு வந்தாள்.
பூட்டினால் அன்றைக்கு வரவு பூச்சியம்;
மற்றவர்களுக்கு இந்த மூன்று மணி நேரத்துக்கும் சம்பளம் உண்டு.
அவள் தோளில் சிலோயே மழை
இன்னும் சொட்டிக்கொண்டிருந்தது.

"வணிகர்கள் என்ன நினைக்கிறார்கள்?" என்றார் தலைவர்,
வணிகர்கள் ஏதோ ஒரே வாயுள்ள பிராணி போல.

கடன் நோட்டின் கடைசித் தாள்களில் எழுதி வந்திருந்தாள்.
ரொட்டிக்கடை ஒசோரியோவுக்குப் புதுத்துறை வேண்டும்.
விடுதிக்காரச் சகோதரிகளில்
அக்காவுக்கு வேண்டும், தங்கைக்கு வேண்டாம்.
சிப்பி அவிக்கிறவர்: முதலில் சாக்கடையைச் சரிசெய்யுங்கள்.
"எனக்கா?
துறை நகர்ந்தால் லாரி என் வாசலில்தான் நிற்கும்.
கொள்ளை லாபம்.
அதனால் என் ஓட்டை இதில் சேர்க்காதீர்கள்."

ஈரத்தில் தாள்கள் ஒட்டியிருந்தன.
திருப்பும்போது கொத்தாகப் புரண்டுவிட,
அதே குரலில் வாசித்தாள்:
"நகராட்சி. ஆணி நாலு கிலோ, கயிறு முப்பது மீட்டர்.
மார்ச்சிலிருந்து பாக்கி."

யாரும் சிரிக்கவில்லை.
தலைவர் சுவரிலிருந்த வரைபடத்தைப் பார்த்தார்.
அதைத் தொங்கவிட்டிருந்த கயிறு நீலம்,
அவள் கடையில் மட்டும் கிடைக்கிற நீலம்.

குறிப்பேட்டில் இப்படி எழுதச் சொன்னார்கள்:
வணிகர் தரப்பின் கருத்து கேட்கப்பட்டது.
எழுதினேன்.
அதற்கடியில், யாரும் சொல்லாமலே,
ஆணி நாலு கிலோ
என்றும் எழுதினேன்.