பங்குக் கிணறு

பதினொரு வருசம் மல்லாகம் கோட்டில்
எங்கள் கிணற்றில் அரைப்பங்கு கேட்டு
வழக்காடினார் வேலிக்கு அங்காலை இரத்தினசபாபதி.

மார்கழியில் வாளிக்குள் வானவில்.
மணந்தேன். டீசல்.
அவரும் மணந்தார், ஒன்றும் பேசவில்லை.

பவர்ஸ்டேசனில் என் மகனுக்கு இரவு வேலை.
அந்தச் சம்பளத்தில்தான் மோட்டார்சைக்கிள் லீசிங்;
இப்போது தண்ணீர்ப் போத்தலும்.
அவன் சீருடையை எதில் தோய்ப்பது?

செவ்வாயும் வெள்ளியும் பிரதேச சபைப் பவுசர்.
வரிசையில் எனக்குப் பின்னால் அவர்,
நீலக் கலன் இரண்டோடு.
போன தவணை வழக்குக் கூப்பிட்டார்களாம்.
இரண்டு பேரும் போகவில்லை.
அன்று வெள்ளி.

"முழுக் கிணறும் நீங்களே வைச்சிருங்கோ" என்றார்.
நானும் வேண்டாமென்றேன்.

இரவில் மட்டும் முறை வைத்து இறைக்கிறோம்
வெங்காயத்துக்கு,
அரைக்கு அரை.
அது தம்புள்ளை லொறிக்கு.
கறிக்குச் சந்தியில் வாங்குகிறோம்.