தரையிலிருந்து ஆயிரத்து இருநூறு

ஒத்தக்கடை தாண்டி, மேலூர் ரோட்டுக்கு வடக்கே
இரண்டு ஏக்கர் பொட்டல்.
முதல்முறை போனபோது
தூர்ந்துபோன ஒரு போர்வெல், ஏழு கருவேல மரம்,
பின்னால் படுத்திருந்தது யானைமலை.
வரைபடத்தில் மலையைப் போடவில்லை.
எல்லைக்கல்லுக்கு வெளியே இருப்பதை
அளப்பதற்கு எனக்குச் சம்பளம் இல்லை.

துளசிராம் சார் கேட்டது இவ்வளவுதான்:
மூவாயிரம் ஃபிரிட்ஜ் நிற்க வேண்டும்.
முன்பக்கம் இரண்டு மாடி ஆபீஸ்.
"கண்ணாடி போடுங்க மேடம். பஸ்ல போறவன்
கழுத்தத் திருப்பிப் பாக்கணும்."
"தென்மேற்கு வெயில் சார். உள்ள வெந்துருவீங்க."
"ஏசி இருக்குல்ல."
ஃபிரிட்ஜ் விற்கிறவரிடம்
வெயிலைக் காட்டிப் பயமுறுத்த முடியாது.

கண்ணாடியில் தோற்றேன். கூரையில் ஜெயித்தேன்.
ரம்பப் பல்லாய் மடித்து
ஒவ்வொரு பல்லின் வடக்கு முகத்திலும்
ஒரு வெளிச்சப் பட்டை.
பகலில் ஒரு பல்பு எரிய வேண்டாம் என்று
கரண்ட் பில்லைப் போட்டுக் காட்டித்தான் சம்மதம் வாங்கினேன்.
அழகு என்ற சொல்லை வாயில் எடுக்கவே இல்லை.

தூணுக்குத் தூண் ஒன்பது மீட்டர்.
ஃபோர்க்லிஃப்ட் திரும்ப மூன்றரை.
வாஸ்துக்காரர் கழிப்பறையை மூன்று தடவை நகர்த்தினார்;
நாலாவது தடவை அது ஜெனரேட்டர் மேல் ஏறப் பார்த்தது.
சரக்கு மேடை, தரையிலிருந்து ஆயிரத்து இருநூறு,
மில்லிமீட்டரில்.
படித்த கணக்கு அப்படி:
லாரியின் தளமும் மேடையும் ஒரே மட்டத்தில் முட்டும்,
பெட்டி தள்ளினால் உள்ளே வரும்.

திறப்பு விழா. உடைத்த தேங்காயின் ஈரம் காயவில்லை.
வந்தது லாரி இல்லை.
குட்டி யானை.
அதன் பின்னால் இன்னொன்று. கேட் வரை ஒன்பது.
கம்பெனி லாரி மாதத்துக்கு நாலு தடவைதானாம்,
கடைக்குப் போகிற சரக்கெல்லாம் இதில்தானாம்.
என்னிடம் யாரும் சொல்லவில்லை.
நான் யாரையும் கேட்கவும் இல்லை.

மேடைக்கும் குட்டி யானையின் முதுகுக்கும் நடுவே
ஏறக்குறைய இரண்டடி.
மொக்கராசு விளிம்பில் உட்கார்ந்து
காலைத் தொங்கவிட்டுப் பார்த்தான்.
"யாரு வரைஞ்சா இத?"
பக்கத்தில் நின்றவர்கள் என்னைப் பார்க்காமல் இருக்க
ரொம்பப் பாடுபட்டார்கள்.
நான்தான் என்றேன்.
"சரிக்கா" என்றான்.
சென்ட்ரிங் பலகை இரண்டு, சணல் சாக்கு நாலு,
பத்து நிமிடத்தில் ஒரு சரிவு.
ஆளுயரப் பெட்டி அதில் இறங்கியபோது
மூச்சைப் பிடித்துக்கொண்டது நான் மட்டும்தான்.

ஆடித் தள்ளுபடி சமயம் மறுபடி போனேன்.
ஆபீஸ் கண்ணாடி முழுக்க
ஃபிரிட்ஜ் அட்டைகளைக் கிழித்து ஒட்டியிருந்தார்கள்.
'இந்தப் பக்கம் மேலே' என்ற அம்புக்குறி
ஒவ்வொன்றும் ஒவ்வொரு திசையில்.
பஸ்ஸில் போகிறவன் கழுத்தைத் திருப்பத்தான் செய்தான்.

கிடங்குக்குள் மூவாயிரம் குளிர்ச்சி,
ஒன்றுக்கும் கரண்ட் இல்லை.
நாலாவது அடுக்கின் உச்சியில் மொக்கராசு,
சட்டையைக் கழற்றித் தோளில் போட்டு
பரோட்டாப் பொட்டலத்தைப் பிரித்துக்கொண்டிருந்தான்.
"சாப்பிடக் கீழ ரூம் போட்டிருக்கேனே?"
"இங்கருந்துதான்க்கா தெரியுது."
செருப்பைக் கழற்றி விட்டு ஏணியில் ஏறினேன்.
வடக்குப் பட்டையில், ஒரு சாண் உயரத்துக்கு
யானையின் முதுகு.
மழை வருவதற்கு முந்தைய சாம்பல்.

வெளிச்சத்துக்கு வெட்டிய திறப்பு அது.
இதை எந்தத் தாளிலும் நான் குறிக்கவில்லை.
என் கணக்கில் சேர்த்துக்கொள்ள வெட்கமாக இருக்கிறது,
சேர்க்காமல் விடவும் மனசு வரவில்லை.
பரோட்டாவில் பாதி கொடுத்தான். சால்னா ஆறியிருந்தது.

இப்போது இரண்டாம் கட்டம்.
ஆறு மேடை ஆயிரத்து இருநூறில்,
நாலு மேடை அறுநூற்றைம்பதில்.
எதுக்கு மேடம் ரெண்டு உயரம், என்கிறார் துளசிராம் சார்.
யானைக்கு ஒண்ணு, குட்டிக்கு ஒண்ணு சார்.
சிரித்தார்.
இன்னும் கையெழுத்துப் போடவில்லை.