கதவுக்காக வாங்கியது

மருதமுனைச் சின்னலெப்பை
பின்சீற்றில் கோழி வளர்த்தார்.
அறுபதாயிரத்துக்குக் கேட்டேன்.
"கோழிய இறக்கிப்போட்டு எடுங்க தம்பி."
ஒரு முட்டை மட்டும்
பிரேக் மிதிக்குப் பின்னால் ஒளிந்திருந்து
கணக்கில் வராமல் கல்லாறு வந்தது.

எங்களூரில் துருவுக்கு இரண்டு வாசல்.
காலையில் கடலால் வரும்,
பின்னேரம் வாவியால் வரும்.
பூட்டு, பிணைச்சல், கிணற்றுக் கப்பி
எதற்கும் முகம் பார்க்காது.
அதற்கு நடுவில் கொண்டுவந்து
ஐம்பத்தெட்டாம் ஆண்டு ஒஸ்டினை நிறுத்தினால்
யோகமலர் என்ன சொல்வாள்?
ஒன்றும் சொல்லவில்லை.
உடுப்புக் காயப்போடும் கயிற்றை அவிழ்த்து
வளவின் மற்றப் பக்கம் கட்டினாள்.

கிழமை நாளில்
காணிப் பெயர்மாற்றப் படிவங்களில்
முத்திரை குத்துகிற கை இது.
சனி ஞாயிறு மட்டும் கறுக்கும்.
எண்பதாம் நம்பர் மட்டத்தாள்,
மறுகா இருநூறு,
மறுகா தண்ணி தொட்டு நானூறு.
சாம்பலுக்குக் கீழே நீலம்.
நீலத்துக்குக் கீழே மஞ்சள்,
ஹயர் ஓடின காலமாக்கும்.
மஞ்சளுக்குக் கீழே புட்டி.
சுரண்டினேன்.
விரல் நுழைகிற ஓட்டை.
நேர் எதிர்ப்பக்கத் தகட்டிலும் ஒன்று.
யாரிடம் கேட்பதென்று தெரியவில்லை.
மறுபடி புட்டி வைத்துத் தேய்த்தேன்.

சீற்றைக் கழற்றியபோது
பூவிளிம்பு வைத்த இரண்டு சதம்,
கொண்டை ஊசி,
கல்முனையில் ஏதோ படத்துக்குக் கிழித்த பாதி டிக்கெட்,
இறகு, இறகு, இன்னும் இறகு.
சதத்தை யோகமலர் கழுவித்
தையல் பெட்டிக்குள் போட்டாள்.

எட்டு மாதம்.
கண்ணாடி போல உடம்பு, அசையாத எஞ்சின்,
இடதுபக்கக் கதவு மட்டும் பப்படம்.
டிங்கர் ஒஸ்மன்ட் லேசாகத்தான் தட்டினார்,
கீழ்விளிம்பு கையோடு வந்தது.
"வெல்டிங் வைக்கவும் கொஞ்சம் இரும்பு வேணும் சேர்.
இது பேருக்குத்தான் கதவு."

நிந்தவூரில் இருக்கிறது என்றார் இன்னொன்று.
அரிசி ஆலைக்குப் பின்னால்,
உமிமேட்டில் பாதி புதைந்து.
ஆலைக்காரர் பார்க்கவும் வரவில்லை,
காசை மட்டும் எண்ணினார்.
உழவு மெசின் இழுக்க
உமி சிந்திக்கொண்டே வந்தது வழியெல்லாம்.
பார்த்தால் பிச்சைக்காரன். தொட்டால்
துருவில்லை.
இத்தனை வருட ஈரத்தையும்
உமி குடித்திருந்தது.

ஞாயிறு. கதவில் மூன்று போல்ட்.
இரண்டைக் கழற்றிச் சட்டைப்பையில் போட்டிருந்தேன்.
எஞ்சினை விற்கலாமா பார்ப்போம் என்று
பிளக் துளைகளில் எண்ணெய் விட்டு
மூன்று நாள் ஊறவைத்த ஒஸ்மன்ட்
புதுப் பற்றரியைத் தொடுத்தார்.
இருமியது.
புகைக்குழாயால் ஒரு கை உமி துப்பியது.
இன்னொரு தரம் இருமி
நின்றுவிட்டது என்று நாங்கள் திரும்ப

பிடித்துக்கொண்டது.

முருங்கை இலை நடுங்கியது.
தேய்த்துத் தேய்த்து நான் வழவழப்பாக்கியது
அந்தப் பக்கம் சத்தமில்லாமல் நின்றது.
"எஞ்சினைத் தூக்கி அதில வைப்பம்,
கதவையும் மாத்துவம், மிச்சத்தை நிறுவைக்குப் போடுவம்,"
என்றார் ஒஸ்மன்ட். சரியான பேச்சு.
ஸ்பானர் என் கையில்தான் இருந்தது.
மூன்றாவது போல்ட்டைக்
கழற்றவுமில்லை, இறுக்கவுமில்லை.

யோகமலர் வந்தாள்.
எட்டு மாதத்தில் ஒருநாளும் காரில் ஏறாதவள்
ஈரக்கையைத் துடைத்துக்கொண்டு
உமிக்கு மேலேயே ஏறி இருந்தாள்.
"நிப்பாட்டினா மறுகா வருமோ தெரியாது.
முதல் எங்கயாவது போவம்."
கதவைக் கொடிக் கயிற்றால் கட்டினோம்.
என் சாரன் ஒன்று அதிலேயே தொங்கியது.

பாலத்தின் நடுவில்
அது தானாக நின்றது.
இரண்டு பக்கத்தாலும் உப்புக் காற்று.
அவள் கண்ணாடியை ஏற்றப் பார்த்தாள்,
கைபிடி சுற்றியது, கண்ணாடி வரவில்லை.
விட்டுவிட்டாள்.
பின்னால் பார்க்கும் கண்ணாடியில்
கருவிப்பையைத் தூக்கிக்கொண்டு
ஒஸ்மன்ட் நடந்து வந்தார்,
கண்ணாடி வெடித்திருந்ததால்
இரண்டு ஒஸ்மன்டாக.