புதன்கிழமை

செவ்வாயும் வியாழனும்
காலை எட்டரைக்கு வேன் வரும்.
காரைதீவுச் சந்தியில் ஒரு ஹோர்ன்,
எங்கள் ஒழுங்கை முகப்பில் இன்னொன்று.
இரண்டாவதுக்கு முன்னமே
விபுலன் கேற்றில் நிற்பான்.
நீலப் பை. அதற்குள் துவாய், மாற்றுடுப்பு,
மாரி பிஸ்கட், உடைந்திருக்கக் கூடாது.
முப்பத்தாறு வயது.
எனக்கு நேரே இளையவன்.
அம்மா போய் ஒன்பது வருசம்.

இதெல்லாம் தொடங்க முன்னம்
பிரதேச செயலகத்தில் ஒரு படிவம் தந்தார்கள்.
பராமரிப்பவரின் தொழில் என்றிருந்த இடத்தில்
யோசித்துவிட்டு ஒரு கோடு போட்டேன்.
மறுபக்கத்தில்
'உங்களுடைய தேவைகள்.'
வலிப்பு மாத்திரை, பெரிய சைஸ் பம்பஸ்,
சறுக்காத செருப்பு ஒரு சோடி என்று
நிரைக்கு எழுதினேன்.
உத்தியோகத்தர் பிள்ளை சஸ்னா
பேனையின் பின்பக்கத்தால் தட்டிச் சொன்னாள்:
"இது தம்பிக்கு.
ஒங்களுக்கு என்ன வேணும் அக்கா?"

எனக்கா.
பின்னால் வரிசையில் ஆட்கள்.
ஒன்றும் வரவில்லை.
கடைசியில் 'நித்திரை' என்று எழுதி
வெட்கத்தில் வெட்டினேன்.
வெட்டினதற்குப் பக்கத்தில்
அவள் அதையே திரும்ப எழுதினாள்.

முதல் செவ்வாய்
வேனுக்குப் பின்னால் சைக்கிளில் போனேன்.
மதிலோரம் நின்று காது கொடுத்தேன்.
அவன் அழவில்லை.
அது ஏனோ எனக்குச் சுட்டது.

பிறகொரு வியாழன் கல்முனைக்குப் போய்க்
கண் காட்டினேன், கண்ணாடி தந்தார்கள்.
அன்று பின்னேரம் சோறு தீத்தும்போது
அவன் காதுக்கு மேலே
நரை.
எத்தனை நாளாய் இருந்ததோ.
கை நடுவில் நிற்பதைப் பார்த்து
"ஆ" என்றான்.

மாதக் கூட்டத்துக்குப் பதினொரு வீடு வரும்.
சாய்ந்தமருது ரமீசா சொல்லித் தந்தாள்:
முடிவெட்டுற மெசினை
இரண்டு நாள் சும்மா பக்கத்தில ஓடவிடு,
சத்தம் பழகட்டும், பிறகு தலையில வை.
எந்த டொக்டரும் சொல்லாதது.
பாண்டிருப்புக் கிருபைராசா அண்ணன்
மகளைப் பற்றிப் பேச எழும்பினார்,
"எனக்குப் பிறகு" என்றதோடு
இருந்துவிட்டார்.
மிச்சத்தை யாரும் கேட்கவில்லை.
தேத்தண்ணி வந்தது, குடித்தோம்.

இப்போது,
திட்டம் மார்ச்சோடு முடியுதாம்.
டீசலுக்குக் காசில்லையாம்.
கடிதம் போட்டிருக்கிறோம். பதினொரு ஒப்பம்,
அதில் மூன்று பெருவிரல்.
வீட்டுக்கு இவ்வளவு போட்டால்
கிழமைக்கு ஒரு நாளாவது ஓடும் என்று
ரமீசா கொப்பியில் கணக்குப் பார்த்தாள்.
எந்த நாள் என்பதில்தான்
இன்னும் இழுபறி.

இன்றைக்குப் புதன்.
விபுலன் பையோடு கேற்றில் நிற்கிறான்.
எல்லாப் புதனும் நிற்பான்.
"நாளைக்குத்தான் தம்பி" என்றேன்.
நாளை எங்கே என்று
கிணற்றடிவரை போய்ப் பார்த்துவிட்டு வந்து
திரும்பவும் நின்றான்.
மார்ச்சுக்குப் பிறகு
கிழமை முழுக்கப் புதன் என்று
எந்தச் சொல்லால் சொல்வது.
அடுப்பை அணைத்துவிட்டு
நானும் போய்ப் பக்கத்தில் நின்றேன்.
ஒழுங்கை முகப்பில் ஹோர்ன் கேட்டது.
மீன்காரன்.
விபுலன் பையைத் தோளில் போட்டான்.