ஐந்தாம் கோர்ட்

"மலா, ஜாம் ரோசாக்."
தவமலரில் அவர் வாய்க்கு எட்டியது அவ்வளவுதான்.
கடிகாரம் கெட்டுவிட்டதாம், மூன்றாம் முறையாக அழைக்கிறார் மிஸ்டர் கூ.

பாயான் பாருவில், ஆறாவது மாடியில்,
விடிய விடிய ஓடவிட்டுப் பார்த்தேன்.
ஒரு மணி நேரம்
ஒரு மணி நேரமாகவே கழிந்தது.

வியாழன் இரவு ஜெலுத்தோங் போனேன்.
தகரக் கூரைமேல் மழை, அடியில் காலணிகளின் கிறீச்.
எட்டுப் பூப்பந்துக் கோர்ட்டுகள்,
திரையில் எட்டுக் கட்டங்கள், எட்டு இறங்கும் எண்கள்.
எல்லாம் ஒழுங்காக ஓடின.
"நீ வந்தா மட்டும் ஓடும்" என்றார் கூ,
என்னை மாமியார் வீட்டுக் குழந்தையைப் பார்ப்பதுபோல் பார்த்து.

ஒன்பது ஐம்பத்தாறு.
ஐந்தாம் கோர்ட்டிலிருந்து
வியர்வை சொட்ட வந்தான் ஹாய்க்கால்.
"அங்கிள், பந்து ஒரு குழல் என்ன விலை?"

கூ மெனுவைத் திறந்தார்.
வாத்து இறகா, நைலானா,
போன மாசம் ஏன் ஏறியது,
அப்பாவின் முழங்கால் இப்போது எப்படி.
மெனு திறந்தே கிடந்தது.
எட்டு எண்களும் உறைந்து நின்றன.
அவன் கூட்டாளிகள் மூவரும்
ஆடிக்கொண்டே இருந்தார்கள்.

டைமரில் பழுதில்லை.
ரன் லூப் சுற்றிக்கொண்டுதான் இருந்தது,
மெனு மூடும்வரை மவுஸுக்கு மட்டும் காது கொடுத்தபடி.
நான்தான் என் டைமரை
அதன் ஓய்வான வேளைக்கு மட்டும் எழுதி வைத்திருந்தேன்.
போதாததற்கு, தட்டும்போதெல்லாம் ஒன்று கழி என்றும்.
தட்டாத நொடியை யார் கழிப்பது?

ஒரு வரி மாற்றினேன்: எல்லா முறைகளிலும் ஓடு.
பிறகு நாலைந்து வரிகள்: நீயாக எண்ணாதே,
முடியும் நேரத்தை வைத்துக்கொள், மணி என்னவென்று கேள்.

ஹாய்க்கால் பந்து வாங்கவில்லை.
என் மடிக்கணினியைப் பார்த்தான், என்னைப் பார்த்தான்,
துண்டால் முகத்தைத் துடைக்க
ரொம்ப நேரம் எடுத்துக்கொண்டான்.
பதினோரு வியாழன்கள், ஆறாறு நிமிடம்.
மனசுக்குள் பெருக்கிப் பார்த்துவிட்டு அழித்தேன்.
"என்ன கோளாறு?"
"என் தப்புதான்" என்றேன். பொய்யில்லை.

இரண்டு வாரம் கழித்து மறுபடி அழைத்தார்.
கடிகாரம் நல்லா ஓடுது.
ஆனா அந்தப் பையன்
இப்பல்லாம் விலை கேக்க வர்றதே இல்ல, மலா.

அப்புறம் ஒன்றும் சொல்லவில்லை, வைக்கவும் இல்லை.
காதிலிருந்து எடுத்துப் பார்த்தேன்:
அழைப்பின் நொடிகள்
ஏறிக்கொண்டிருந்தன.