ஈரத் திரி

மெழுகுவர்த்தி என்றுதான் பெயர்.
எரியாது.
கண்ணாடிக் குழாயில் சுற்றிய மருந்துத் துணி,
கீழே குடுவையில் கிளிசரினும் தண்ணீரும்,
மழை விழாதிருக்கத் தலைக்கு மேல் ஒரு தகடு.
முப்பது நாள் காற்றில் நின்று
வருகிற உப்பையெல்லாம் வாங்கி வைத்திருக்கும்.

வெள்ளவத்தையில் எனக்கு ஆறு திரிகள்.
முதலாவது தண்டவாளத்தோரம்,
ரயில் போகையில் குடுவை நடுங்கும்.
ஆறாவது காலி வீதிக்கு அப்பால்
ஒரு பல் வைத்தியரின் தண்ணீர்த் தாங்கிக்குப் பக்கத்தில்.
கடலை விட்டு விலக விலக
உப்புக் குறையவேண்டும்.
அந்த வளைகோடு வரையுமுன்பே எனக்குத் தெரியும்:
முதலில் விழுந்தடித்து இறங்கும்,
பிறகு சோம்பிப்போய்ப் படுத்துக்கொள்ளும்.

ஆடி மாதம். எங்கள் பக்கத்தில் சோளகம் என்போம்,
இங்கே வெறும் மொன்சூன்.
ஆய்வுகூடத்தில் யன்னலை மூடிவிட்டு
அளவியைத் திறந்தேன்.
மஞ்சள் நீரில் வெள்ளி நைத்திரேற்று
சொட்டுச் சொட்டாய் இறங்க
பால் திரிந்ததுபோல் வெண்மை படரும்.
செங்கல் நிறம் எட்டிப்பார்க்கும் சொட்டில்
கை நிற்கவேண்டும்.
மூன்று சொட்டுக் கூடினால்
ஏதோ ஒரு தூணுக்கு
இல்லாத நோயை எழுதிவிடுவேன்.

இரண்டாவது திரி
தொடங்கியதுமே சிவந்துவிட்டது.
கடலுக்கு எழுபது மீற்றரில்,
ஐந்தாம் மாடிக்கு மேலே,
பல் வைத்தியர் வீட்டளவு உப்புத்தான்.
மூன்று தரம் செய்தேன். விரல் நுனிகள் கறுத்தன.
"கடல் லீவு போட்டிருக்கும் மிஸ்,"
குடுவை கழுவிக்கொண்டே நிஸாம்தீன்.

லிஃப்ட் வேலை செய்யவில்லை. ஏறினேன்.
மொட்டைமாடியில்
நான்கு கொடிகளில் ஆறு படுக்கை விரிப்புகள்,
கடலுக்கும் என் திரிக்கும் நடுவே
படபடத்துக்கொண்டிருந்தன.

"உங்கட போத்தலுக்கு வெயில் படக்கூடாதெண்டு
நான்தான் மறைச்சு விட்டனான், பிள்ளை."
மிஸிஸ் பிலோமினா. மூன்றாம் மாடி.
நன்றி சொல்லத்தான் தோன்றியது.
"ஆனா பாருங்கோ, இதுகள் காயுதே இல்லை.
நாலு நாள் கிடந்தாலும் கையில பிசுபிசுக்குது."

விரிப்பின் விளிம்பைப் பிடித்துப் பார்த்தேன்.
உப்பு தன் தாகத்துக்குக்
காற்றிலிருந்து ஈரத்தை உறிஞ்சிக்கொண்டிருந்தது.
பழைய தலையணை உறையொன்றில்
உள்ளங்கையளவு வெட்டித்தரக் கேட்டேன்.
பூப்போட்ட பக்கத்தை விட்டு வெட்டித் தந்தார்.

அந்தத் துண்டு சொன்ன எண்
எந்தப் பெட்டிக்குள்ளும் அடங்கவில்லை.
எத்தனை நாள் தொங்கியது, தெரியாது.
எத்தனை தரம் துவைத்தது, தெரியாது.
எந்த நியமத்திலும் தலையணை உறை கிடையாது.
ஓரத்தில் பென்சிலால் எழுதி வைத்தேன்.
அறிக்கையில் அது வராது.
அந்தக் கூரையில் நான் நம்புகிற ஒரே எண் அது.

கொடி கட்டியிருந்த தூணில்
பழுப்பாய் ஒரு ஒழுக்கு.
சுத்தியலால் தட்டினேன், உள்ளே வெறுமையாய்க் கேட்டது.
வரைபடத்தில் கம்பிக்கு மேல் நாற்பது மில்லிமீற்றர் கொங்கிறீற்று.
என் அளவுகோலில் பதினெட்டு.
கறல் இரும்பைவிடப் பெருத்தது.
உள்ளேயிருந்து இடம் கேட்டுத் தள்ளும்.
"அது மழைத் தண்ணி," என்றார் பிலோமினா,
"ஒவ்வொரு நத்தாருக்கும் பெயின்ற் அடிக்கிறம்."

ஞாயிற்றுக்கிழமை, கீழே வாகனத் தரிப்பிடத்தில்
குடியிருப்பாளர் கூட்டம்.
மில்லிகிராம் பற்றி, சதுர மீற்றர் பற்றி,
ஒரு நாளில் எவ்வளவு படிகிறது என்பது பற்றி
எனக்குத் தெரிந்த எளிய தமிழில் சொன்னேன்.
யாரோ ஒருவரின் குழந்தை அழுதது.
பொருளாளர் ஸ்தனிஸ்லாஸ் கையை உயர்த்தினார்:
"அதெல்லாம் சரி. எத்தனை வருஷம் தாங்கும்?"

பன்னிரண்டுக்கும் இருபத்தைந்துக்கும் இடையில்,
கம்பி எவ்வளவு மெலிந்திருக்கிறது என்று
உடைத்துப் பார்த்தால்தான் தெரியும்,
இது மதிப்பீடு மட்டுமே என்றேன்.

தலையாட்டினார்.
குறிப்புப் புத்தகத்தில் இருபத்தைந்து என்று எழுதி
அடியில் இரண்டு கோடு போட்டார்.

புதுத் திரியை எடுத்துக்கொண்டு ஏறினேன்.
விரிப்புகள் இப்போது மறுபக்கம்.
லிஃப்ட் இன்னும் திருத்தவில்லை.