நாற்காலிக் கணக்கு

எழுபத்தி நாலில் முதல் சிட்டை.
இரும்பு மடக்கு நாற்காலி பதினொன்று,
வியாழன் சாயங்காலம் நாலு முதல் ஆறு,
கீழவெளி வீதி, சாக்குக் கடை மாடி.
வாடகைக்கு எடுத்தவர்
டாக்டர் தங்கபுஷ்பம்.

மாடியில் இறக்கி எண்ணிப் பார்த்தேன், ஆள் பத்து.
'ஒண்ணு கூடுதலா வந்திருச்சும்மா, எடுத்துட்டுப் போறேன்.'
'அதுவும் ஆளுக்குத்தான் சிந்தா மதார்.
அவங்க இன்னும் வரல.'

நான் கல்யாணத்துக்கு வரிசை போடுகிறவன்.
வட்டமாய்ப் போடச் சொன்னதும்
சீட்டாட்டமோ என்று நினைத்தேன்.
பெரியாஸ்பத்திரியில் மாத்திரை எழுதுகிறவராம்.
மாத்திரை விழுங்கியும் தூக்கம் வராதவர்களை
இங்கே கூட்டிவந்து
ஒருவர் துக்கத்தை இன்னொருவர் நடிக்க வைக்கிறாராம்.
கூட வேலை பார்த்த டாக்டர்மார்
கூத்துக் கொட்டகை என்று பேர் வைத்திருந்தார்கள்.
அவர் மறுக்கவில்லை.
'கூத்துல அழுதா யாரும் கேஸ் ஷீட் எழுத மாட்டாங்க' என்பார்.

நாலுக்கு இறக்கி ஆறுக்கு ஏற்ற வேண்டும்,
நடுவில் எங்கே போவது?
படிக்கட்டில் உட்கார்ந்து பீடி பிடித்தபடி
முப்பது வருடத்தை
முதுகால் கேட்டிருக்கிறேன்.

செல்லூர்த் தறிக்காரர் ஒருவர்
காலி நாற்காலியைப் பார்த்து 'கடன்காரா' என்றார்,
வெகு நேரம் கழித்து 'அப்பா' என்றார்.
மேலூர்ப் பக்கத்து ஒருத்தி
ஏழு வியாழன் வாயே திறக்கவில்லை.
எட்டாவது வியாழன் எழுந்துபோய்
அங்கே உட்கார்ந்திராத புருஷனை
ஒரே உதை.
சுவரில் மோதி நாற்காலிக்கு முதுகு நெளிந்தது.
சேதாரம் எட்டு ரூபாய் என்று எழுதினேன்.
சிட்டையைப் பார்த்தவர்
'இவ்வளவு மலிவா?' என்று கேட்டுக் கொடுத்தார்.

ஒருநாள் ஆள் குறைந்தது.
'மேல வாங்க சிந்தா மதார்,
இந்தப் பையனுக்கு அண்ணனா நில்லுங்க.
அவன் சொல்லிக் கொடுக்கிறத மட்டும் திருப்பிச் சொன்னாப் போதும்.'
வைகையில் தண்ணீர் வந்த வருடம்
யானைக்கல் பாலத்துக்குக் கீழே
கைநழுவிப் போன அண்ணன்.
நின்றேன். தொடை நடுங்கியது.
'நீ விடலடா. தண்ணிதான் இழுத்துச்சு.'
அது பையன் சொல்லிக்கொடுத்ததில் இல்லை.
என் வாயில் எப்படி வந்ததென்று
இன்றைக்கும் தெரியாது.
திட்டுவார் என்று திரும்பினேன்,
கண்ணாடியைக் கழற்றித்
துடைத்துக்கொண்டிருந்தார்.

அன்று வாடகை வாங்க மறந்துபோனேன்.
வீட்டுக்குப் போய்
பதினோரு வருடமாய்ப் பேசாத தம்பிக்கு
ஒரு கார்டு எழுதிப் போட்டேன்.
பதில் வரவில்லை. அது வேறு கதை.

பிளாஸ்டிக் வந்தது. எடையில்லை, வாடகையும் பாதி.
வேண்டாமென்றார்.
'கோபத்துல தள்ளுறவனுக்கு
தள்ளினது தெரியணும்ல.'

மூட்டுவலியோடு ஒவ்வொரு படியாய் ஏறிய கடைசி வருடம்
எல்லோரும் போன பிறகு
காலிக்கு எதிரே தானே உட்கார்ந்தார்.
அவருக்கு அது யார் என்று யாரைக் கேட்பது?
ஊர் சாயர்புரம் பக்கம், கல்யாணம் இல்லை,
இவ்வளவுதான் எனக்குத் தெரியும்.
உதடு அசைந்தது, சத்தமில்லை.
எழுந்து எதிர் நாற்காலிக்கு மாறி
தனக்குத்தானே பதில் சொன்னார்.
அதுவும் கேட்கவில்லை.
ஆறரைக்குச் சாக்குக் கடை ஷட்டர் இறங்கியது.
'மடக்கட்டுமா டாக்டர்?'
'இரு. அவங்க இன்னும் கிளம்பல.'
என்னை ஒருமையில் சொன்னது
அந்த ஒரு தடவைதான்.

அவர் போய் ஒன்பது வருடம்.
குடோனில் இரும்பு நாலு மிச்சம்,
முதுகு நெளிந்தது அதில் ஒன்று.
பழைய இரும்புக்குப் போடலாம் என்கிறான் மகன்.
போன ஞாயிறு அவனியாபுரத்தில் ஒரு காதுகுத்து,
பிளாஸ்டிக் பத்தாமல் அதையும் ஏற்றிப் போனோம்.
யாரோ ஒரு தாய்மாமன் அதில் உட்கார்ந்து
முதல் பந்தி எப்போது எழுமென்று பார்த்திருந்தார்.
இரண்டு முறை முதுகை அசைத்துக்கொண்டார்.
பக்கத்தில் போய்
'உறுத்துதா?' என்று கேட்டேன்.
'பரவால்ல' என்றார்.